போர்வையைத் தூக்கிப் பார்

ஓசூர்,
16.8.1988

அன்புள்ள முனிவேலுக்கு,

திம்மராயன் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் விடுதிச் சாப்பாட்டைத் தாங்கிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எம்.டி. தேர்வுக்கு ஆறே வாரம் இருக்கிறது, சுலபமாக நினைவில் நிற்கிற குறிப்பு ஏதாவது இருந்தால் எழுது என்று கேட்டிருந்தாய். கல்லூரியிலும் என் நோட்டைப் பார்த்துத்தான் பாஸ் செய்தாய், பழக்கம் இன்னும் விடவில்லை. சரி, எழுதிக்கொள்.

முதலில் பூச்சிமருந்து. ராயக்கோட்டைப் பக்கம் தக்காளித் தோட்டம் இருக்கிறவரை வாரத்துக்கு இரண்டு பேராவது அதைக் குடித்துவிட்டு என்னிடம் வருவார்கள். உடம்பில் நீர் வருகிற வாசல் எல்லாம் திறந்துகொள்ளும்: கண், மூக்கு, வாய், வேர்வை, சிறுநீர். கண்மணி மட்டும் ஊசிமுனையாகச் சுருங்கும். எல்லாம் திறக்கும், ஒன்று மூடும் என்று வைத்துக்கொள். மாற்று மருந்தான அட்ரோபினை எப்போது குறைப்பது என்று தேர்வில் கேட்பார்கள். கண்மணி விரிந்ததை மட்டும் பார்த்துக் குறைக்காதே. நெஞ்சில் ஸ்டெத் வைத்து, ஈரச் சத்தம் அடங்கியதா என்று கேள்.

அடுத்தது நினைவில்லாமல் வருகிற ஆள். கைவிரலை மடக்கு. கட்டைவிரல் சர்க்கரை, ஆள்காட்டி விரல் விஷம், நடுவிரல் தலையில் அடி, மோதிர விரல் மூளைக் காய்ச்சல், சுண்டுவிரல் ஈரலும் சிறுநீரகமும். கட்டைவிரலைத்தான் முதலில் மடக்க வேண்டும். இங்கே ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவரைக் குடித்துவிட்டு விழுந்தார் என்று கேட்டுக்கு வெளியே கிடத்தியிருந்தார்கள். குளுக்கோஸ் ஏறியதும் எழுந்து உட்கார்ந்து, என் சைக்கிள் எங்கே என்று கேட்டார்.

மூன்றாவது கட்டுவிரியன் பாம்புக் கடி. தரையில் படுத்தவன் விடியும்போது வயிற்றுவலி என்று எழுவான். கடிவாய் தெரியாது, வீக்கம் இருக்காது. கண் இமை தொங்கும், பேச்சு குழறும், பிறகு மூச்சு நிற்கும். இவ்வளவும் உன் புத்தகத்தில் இருக்கிறது. மற்றதை நான் சொல்கிறேன். இதை யாரிடமாவது சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

போன ஐப்பசியில் உத்தனப்பள்ளியிலிருந்து மாதப்பன் என்ற ஆளைக் கொண்டுவந்தார்கள். ஒரு கம்பெனியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர், முப்பத்தைந்து வயது. காலை எட்டு மணிக்குப் பேசிக்கொண்டிருந்தார், பதினொன்றுக்கு மூச்சு நின்றுவிட்டது. தொண்டையில் குழாய் போட்டு, மூச்சுப் பையைக் கையால் அழுத்தினோம். எங்களிடம் மூச்சுக் கருவி கிடையாது. விஷமுறிவு மருந்தும் போட்டேன். மறுநாள் கண்ணில் டார்ச் அடித்தால் கண்மணி விரிந்தபடி நின்றது. கிள்ளினேன், அசைவில்லை. மூளை போய்விட்டது என்று அவர் கட்டில் பக்கத்திலேயே நின்று சொன்னேன்.

இந்தப் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். வெளியில் செத்தால் பிணத்தை வீட்டுக்குள் விடமாட்டார்கள். அதனால் மூச்சோடு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று கெஞ்சினார்கள். நாமெல்லாரும் செய்கிற உதவிதான். ஆஸ்பத்திரி ஜீப்பில் நானே பையை அழுத்திக்கொண்டு போனேன். அவர் மனைவி நஞ்சம்மா கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில், கால் விரல் ஆடுதுங்க சார் என்றாள். ரோடு சரியில்லை, ஜீப் குலுக்குகிறது என்றேன்.

வீட்டுக்குள் பாயில் கிடத்தினோம். உதட்டில் பால் தொட்டு வைத்தார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து காதில் கூப்பிட்டார்கள். எல்லாரும் முடித்ததும் என்னைப் பார்த்தார்கள். மதியம் மூன்றரைக்குப் பையிலிருந்து கையை எடுத்தேன். எழுந்து வெளியே வந்தபோது நஞ்சம்மா என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

இந்தச் சித்திரையில் சென்னம்மா வந்தாள். கம்பெனியில் வேலை செய்கிற பெண், எட்டுப் பேர் ஒரே அறையில் தரையில் படுக்கிறார்கள். அதே வயிற்றுவலி, அதே இமை. மறுநாள் அதே விரிந்த கண்மணி. அவள் அப்பா கரியப்பன் ஜீப் கேட்டார். அன்றைக்கு ஜீப் க்ளட்ச் போய் ஒர்க்‌ஷாப்பில் நின்றது. நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். அவளோடு வேலை செய்கிற பெண்கள் ஷிஃப்ட் போட்டுப் பையை அழுத்தினார்கள். கம்பெனிச் சங்கு ஊதினால் இங்கேயும் ஆள் மாறும். என் முறை வரும்போது சலிப்புத் தெரியாமல் இருக்க, உனக்கு எழுதியிருக்கிற இதே குறிப்புகளைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். மூன்றாம் நாள் போர்வை விலகியபோது கால் பெருவிரல் ஆடுவதைப் பார்த்தார்கள். பத்தாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனாள்.

போன வியாழக்கிழமை, வேலையில் சேரச் சர்டிபிகேட் வேண்டும் என்று வந்தாள். நான் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் எதிரே உட்கார்ந்து கையை நீட்டி விரலை மடக்கத் தொடங்கினாள். கட்டைவிரல் சர்க்கரை, ஆள்காட்டி விரல் விஷம். ஒன்று தப்பவில்லை. நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே ஒருமுறை இருமினாள். நான் அந்த இடத்தில் இருமுவேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முனிவேல், பட்டப்பகல், வெளியே ஐம்பது பேர் டோக்கனோடு நிற்கிறார்கள், எனக்கு முதுகு சில்லிட்டுவிட்டது.

யாரம்மா சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். யாருமில்லீங்க சார், நீங்க சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தேன் என்றாள். நீங்க கண்ணத் தொறந்து லைட் அடிச்சீங்க, மூளை போயிடுச்சுன்னு சிஸ்டர்கிட்ட சொன்னீங்க, எங்கப்பா ஜீப் கேட்டாரு. மொத நாள்ல இருந்தே கால் வெரல ஆட்டிக்கிட்டுத்தான் இருந்தேன், போர்வையத் தூக்கி ஒருத்தரும் பாக்கல. இதையெல்லாம் சண்டை பிடிக்கிற மாதிரி சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, சர்டிபிகேட்டில் சீல் விட்டுப்போச்சுங்க என்று காட்டினாள். சீல் வைத்துக் கொடுத்தேன்.

இப்போது நஞ்சம்மா விஷயம். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கு வருகிறாள். ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான். ஊட்டுக்கு வந்தது அவருக்குத் தெரிஞ்சிருக்குங்களா சார் என்பாள். தெரிஞ்சிருக்கும்மா, நீ கூப்பிட்டது, பிள்ளைகள் அழுதது எல்லாம் காதில் விழுந்திருக்கும் என்பேன். அழுகிறவளுக்கு ஒரு சத்து மாத்திரை கொடுக்கிற மாதிரிதான் சொல்லிவந்தேன், நான் நம்பிச் சொன்னதில்லை. அவளும் முகம் தெளிந்து போவாள்.

வருகிற வெள்ளிக்கிழமை அவள் வருவாள், கேட்பாள். அதே பதிலை எப்படிச் சொல்வேன்? விஷம் கட்டிப்போட்டது தசையைத்தான், மூளையை அல்ல. நான் பொய்யென்று நினைத்துச் சொன்னது அத்தனையும் நடந்திருக்கிறது. மூன்றரை மணிக்கு நான் கையை எடுத்ததும் அவருக்குத் தெரிந்திருக்கும். அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று நீயாவது எழுது. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஐந்து விரலோடு ஆறாவதாகக் கால் பெருவிரலைச் சேர்த்துக்கொள். பையிலிருந்து கையை எடுக்குமுன் போர்வையைத் தூக்கு. பேர் சொல்லிக் கூப்பிட்டு, விரலை ஆட்டச் சொல். ஆடுகிறது என்று யாராவது சொன்னால் நம்பு.

நீ நன்றாகப் பாஸ் செய்வாய். உன் கையில் யாரும் கேட்டுக்கொண்டே சாகாதிருக்கட்டும்.

உன் நண்பன்,
திம்மராயன்