பெல்ட் கத்துகிறது

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து படகில் ஒரு கீச்சுச் சத்தம். இன்ஜினைக் கிளப்பியதும் ஆரம்பிக்கிறது, வேகம் கூட்டினால் கூடுகிறது. நான் நின்று டிக்கெட் கிழிக்கும் இடத்துக்கு நேர் கீழேதான் இன்ஜின். பல்லெல்லாம் கூசுகிறது. படகு ஓட்டுகிற என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "போன வாரம்தானே புது பெல்ட் போட்டேன், சும்மா இரு" என்றார். கட்டிய நாளிலிருந்து எனக்குக் கிடைக்கிற பதில் இந்த "சும்மா இரு"தான். நாள் முழுக்க அக்கரைக்கும் இக்கரைக்குமாகப் போய்வந்து, வீட்டில் அடுப்படியில் நின்றாலும் மண்டைக்குள் அதே கீச்சு.

மார்ச் 4, புதன்

கால் வலி. எழுத ஒன்றுமில்லை. கீச்சு இருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

மதியம் ஆள் ஏறாத நேரத்தில் இன்ஜின் மூடியைத் திறந்து பார்த்தேன். பெல்ட் ஓடுகிற இடத்தைச் சுற்றி ஒரே கறுப்புத் தூள். ரப்பர் வழுக்கி வழுக்கித் தேய்ந்து உதிர்கிறது. எங்கள் இன்ஜினில் இரண்டு பெல்ட் ஜோடியாக ஓடும். அவை இழுத்தால்தான் டைனமோவும் தண்ணீர் பம்பும் சுற்றும். பம்பு நின்றால் இன்ஜின் சூடேறி ஆற்று நடுவில் நின்றுவிடும், படகு நிறைய ஆளோடு. இந்த மனுஷன் மாற்றியிருப்பது ஒன்றை மட்டும். புதியது விறைப்பாக ஓட, பழையது பக்கத்தில் தொளதொளவென்று ஆடுகிறது.

"ரெண்டையும் சேத்துத்தானே மாத்தணும்?"

"இன்னொண்ணு நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் இப்படிக் கத்துது?"

"எங்க கத்துது?"

என்னையே திருப்பிக் கேட்கிறார்! காலடியில் அது கத்திக்கொண்டிருக்கிறது.

இந்தப் படகுத்துறையில் யார் இன்ஜின் மக்கர் செய்தாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். மூடியைத் திறக்காமலே, சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார் — பேரிங் போச்சு, வால்வு தட்டுது என்று. ஊரார் படகு என்றால் ஓடோடிப் போவார். சொந்தப் படகு என்றால் வீம்பு. சொல்கிறவள் நான் இல்லையா, அந்த வீம்பு. வேறென்ன?

மார்ச் 7, சனி

இன்ஜின் சூடு காட்டுகிற முள் வழக்கத்தைவிட மேலே ஏறி நிற்கிறது. காட்டினேன். "வெயில்" என்றார்.

மகள் போன் செய்தாள். "அப்பா போனை எடுத்து ஹலோ ஹலோன்னுட்டு வெச்சிடறாரும்மா. எம்மேல எதாவது கோவமா?" அவருக்கு உலகத்து மேலயே கோவம் என்றேன். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலுப்பாக இருந்தது.

மார்ச் 8, ஞாயிறு

நானே உதிரிபாகக் கடைக்குப் போய் ஒரு ஜோடி பெல்ட் வாங்கி வந்தேன். முணுமுணுத்துக்கொண்டே மாட்டினார். சாயங்காலம் மறுபடி கீச்சு!

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "ஓடும்போது பெல்ட் மேல கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பாருங்கக்கா. லூஸா இருந்தா சத்தம் ஜாஸ்தியாகும். பெல்ட் சுத்துற சக்கரம், அந்தப் புல்லி, கோணலா இருந்தா கொஞ்ச நேரம் அடங்கிட்டு, காய்ஞ்சதும் மறுபடி கத்தும்" என்றார். இவரிடம் சொன்னேன். "இது எனக்குத் தெரியாதா?" என்றார். தெரியும் என்றால் செய்ய வேண்டியதுதானே.

மார்ச் 10, செவ்வாய்

செய்தோம். அவர் இன்ஜின் பக்கத்தில் குந்தியிருந்தார். நான் பாட்டிலிலிருந்து தண்ணீர் தெளித்தேன். கீச்சு டக்கென்று நின்றது. தடதடப்பு மட்டும்தான். அப்பாடா என்று நிமிர்ந்தால், அவர் பெல்ட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சையில் பக்கத்துப் பையன் தாளைப் பார்ப்பதுபோல.

"பாத்தியா, ஜாஸ்தியாக் கத்துது. லூஸ்தான்" என்றார்.

சத்தமே இல்லை. சத்தமே இல்லாதபோது சொல்கிறார்.

இன்ஜினை நிறுத்திவிட்டு, நன்றாக இருந்த பெல்ட்டை இன்னும் இழுத்து இறுக்கினார். நான் பாட்டிலை மூடிக்கொண்டு நின்றேன். வீம்பு இல்லை. ஒரு வீம்பும் இல்லை. அவருக்குக் கேட்கவில்லை. தடதடப்பு கேட்கிறது, கிட்டே பேசினால் கேட்கிறது, இந்தக் கீச்சு மட்டும் கேட்கவே இல்லை. போனில் மகள் குரலும் — ஐயோ, எத்தனை நாளாய்? என்னிடம் சொல்ல வாய் வரவில்லையா?

மார்ச் 11, புதன்

சொல்லலாமா? எப்படிச் சொல்வது? படகையே பிடுங்கிக்கொண்டாலும் தாங்கிக்கொள்வார். துறையில் எல்லாரும் "அண்ணே வந்து கேட்டுச் சொல்லுங்க" என்று கூப்பிடுவதை வைத்துத்தான் அந்த மனுஷன் தலை நிமிர்ந்து நடக்கிறார். அதை நான் போய் எடுக்கணுமா? நாளைக்குப் பார்க்கலாம்.

மார்ச் 13, வெள்ளி

நாளைக்கு நாளைக்கு என்றிருந்தேன். நடந்தே விட்டது.

ஆற்று நடுவில் ஒரு பெல்ட் அறுந்தது, இன்னொன்று புல்லியை விட்டுக் கழன்றது. கருகல் நாற்றம், ஆவி. ஜனங்கள் கத்தினார்கள். ஒரு அம்மா கைக்குழந்தையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. ஆறு தன் போக்கில் படகைக் கீழே இழுத்துக்கொண்டு போனது. நல்லவேளை, தகரடப்பா பார்த்துவிட்டான் (அவன் படகு போடுகிற சத்தத்துக்கு எல்லாரும் வைத்த பெயர்). கயிறு போட்டு இழுத்துக் கரை சேர்த்தான். சேர்த்துவிட்டு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? "என்னண்ணே, காதுல பஞ்சா? உங்க பெல்ட் கத்தினது எங்க படகு வரைக்கும் கேட்டுச்சே!" எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். கட்டிய கயிற்றையே அவிழ்த்து மறுபடி கட்டினார்.

வீட்டில் தட்டின் முன்னால் உட்கார்ந்து சாப்பிடாமலே இருந்தார்.

"உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க."

"எனக்குக் கேக்கலை" என்றார். "ஒரு வருஷமா சரியாவே எதுவும் கேக்கலை."

அழுதார். நானும் அழுதேன். ஆனால் கோபமும் வந்தது, மறைக்க மாட்டேன். அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால்? மூன்று நாளாகத் தெரிந்தும் வாய் திறக்காத எனக்கு மட்டும் கோபப்பட என்ன யோக்கியதை?

மார்ச் 15, ஞாயிறு

படகு கட்டிக் கிடக்கிறது. ஒரு நேரான இரும்புப் பட்டையைப் புல்லிகளின் முகத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். டைனமோ புல்லி மட்டும் விரல் கனத்துக்கு முன்னால் தள்ளியிருந்தது. கையை விட்டுத் தடவிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிறுத்தி, என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். டைனமோவைத் தாங்குகிற இரும்பில் விரிசல். டைனமோ கோணி, பெல்ட் சாய்ந்து ஓடியிருக்கிறது. இவர் இறுக்க இறுக்க விரிசல் வாய் பிளந்திருக்கிறது. வெல்டிங் கடைக்கு எடுத்துப் போனார். இன்ஜினுக்கும் பம்புக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 19, வியாழன்

காது டாக்டர். சன்னமான சத்தங்கள் போய்விட்டனவாம், இன்ஜின் பக்கத்திலேயே காலம் தள்ளியதால் வந்ததாம், திரும்பி வராதாம். மெஷின் வைத்தால் பேச்சாவது தெளிவாகக் கேட்கும் என்றார். இவர் யோசிக்கிறேன் என்று எழுந்துவிட்டார். வரும் வழியில் பஸ்ஸில், "துறையில யார்கிட்டயும் சொல்லிடாத" என்றார். சரி என்றேன். வேறு என்ன சொல்ல? தூக்கம் கண்ணைச் சுழற்றியது.

மார்ச் 22, ஞாயிறு

படகு ஓடுகிறது. கீச்சு இல்லை. அவரும் பேசுவதில்லை.

மார்ச் 28, சனி

மத்தியானம் தகரடப்பா வந்தான். "அண்ணே, உள்ள என்னமோ பண்ணுது. ஒரு எட்டு வந்து கேட்டுச் சொல்லுங்க."

தலைவலி, வேலை என்று ஏதாவது சொல்லித் தப்பிப்பார் என்று நினைத்தேன். எழுந்து போனார். மனசு கேட்காமல் நானும் பின்னாலேயே போனேன். அவன் படகில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். இவர் இன்ஜின் பக்கத்தில் குந்தி, தலையைச் சாய்த்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். பிறகு எழுந்தார்.

"எனக்கு இந்த மாதிரி சன்ன சத்தமெல்லாம் இப்ப கேக்கறதில்லடா" என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "உங்க அண்ணி கேட்டுச் சொல்லுவா."

யாரும் சிரிக்கவில்லை. தகரடப்பா நகர்ந்து வழி விட்டான். நான் டிக்கெட் பையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே இறங்கினேன்.

"கீச்சுனு இல்லைங்க. சன்னமா உர்ருனு, விட்டு விட்டு வருது."

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், "எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே ஸ்பேனரை எடுத்தார்.