பகல் வெளிச்சத்தில் நான்கு அறைகள்

மார்ச் 3

அடியே பல்பு,

போனில் பேசினால் உன் வீட்டுக்காரர் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். ஹாஸ்டலில் நாம் பேசிய பேச்சையெல்லாம் அவர் காதுபடப் பேச முடியுமா? அதனால்தான் இந்தக் கடிதம். சிரிக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு டாக்டரம்மா தன் புது வீட்டுக்கு உள் அலங்கார வேலை கொடுத்திருக்கிறார். நான்கு அறைகள். வெயில், மழை, இலையுதிர், குளிர் என்று அறைக்கொரு பருவம் வேண்டுமாம். "போட்டோ பாத்துக் காப்பியடிச்சது வேணாம்மா, யாராவது கண்ணால பாத்ததா இருக்கணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். எனக்கு ஏது கண்? விடிந்தால் ஆசாரி, பிளைவுட், மரத்தூள். குளித்தாலும் தலையிலிருந்து மரத்தூள் கொட்டுகிறது. வெளியூர் பார்த்து வருஷக்கணக்காகிறது.

நீ கொடுத்துவைத்தவள். உன்னவர் தொழிற்சாலை இயந்திரங்களைச் சோதிக்க ஊர் ஊராகப் போகிறார். கல்யாணமானதிலிருந்து உன்னையும் விடாமல் கூட்டிக்கொண்டு போகிறார். பருவத்துக்கு ஓர் ஊர், நல்ல ஹோட்டல். உன் கண்ணைக் கொஞ்சம் கடன் கொடுடி. பார்ப்பதை எழுது. நிறம், துணி, தரை, விளக்கு, எதுவானாலும் சரி.

சேர்ந்து கடை போடுவதாக இருந்தோமே, கடையில் உன் மேஜை இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. ஆசாரி அதன்மேல் டீ கிளாஸை வைத்தால் அவர்மேல் எரிந்து விழுகிறேன்.

வயிற்றெரிச்சலுடன்,
டேப்பு


ஏப்ரல் 19

என் அன்பு டேப்புக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அவர்தான் பிரித்துப் படித்துவிட்டுக் கொடுத்தார். "உன் ஃப்ரெண்டு நல்லா வேலை வாங்குறாளே" என்று சிரித்தார். எழுதலாம் என்று சொல்லிவிட்டார். எழுதுகிறேன்.

கடலோர ஊருக்கு வந்திருக்கிறோம். அவர் காலையில் கிளம்பினால் சாயங்காலம்தான் வருவார். இந்த அறையில் காலை வெயில் முதலில் கூரையில் விழுகிறது. ஜன்னலுக்குக் கீழே நீச்சல் குளம் இருப்பதால் அந்த வெளிச்சம் ஓயாமல் அசைகிறது. பிறகு மெல்ல இறங்கி அலமாரிக் கதவுக்கு வருகிறது. மத்தியானம் சுவர் முழுக்கக் கண் கூசும். உற்றுப் பார்த்தால் அப்போது வெள்ளைச் சுவர் வெள்ளையாக இருக்காது, துளி பச்சை தெரியும். சாயங்காலம் கட்டிலின் தலைமாடு மட்டும் மஞ்சளாகி, பிறகு அதுவும் போய்விடும்.

அதனால் வெயில் அறைக்குச் சுத்த வெள்ளை அடிக்காதே. சொட்டுப் பச்சை கலக்கச் சொல். திரைச்சீலை ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மட்டும், கெட்டியான பருத்தியில். மேல்பாதியை விட்டுவிடு, கூரைக்கு வெளிச்சம் போகட்டும்.

நான் சௌக்கியம். கேட்டதெல்லாம் வாங்கித் தருகிறார். கேட்பதற்குத்தான் ஒன்றும் தோன்றுவதில்லை.

உன்,
பல்பு


மே 11

பல்புக் கண்ணே,

கலக்கிவிட்டாய்! பெயிண்டர் முதலில் முறைத்தார். "வெள்ளையில எவனாவது பச்சை கலப்பானா? பாசி புடிச்ச மாதிரி ஆயிடும்மா" என்றார். அடித்து முடித்துவிட்டு அவரே அறை நடுவில் நின்று பார்த்தார். டாக்டரம்மா வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். "ஜன்னலுக்கு வெளிய தண்ணி இருக்கிற மாதிரி இருக்கே" என்றார். நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி நின்றேன். பெருமையெல்லாம் உனக்குத்தான்.

ஆனால் உன்மேல் ஒரு புகார். கடலோர ஊருக்குப் போய்க் கடலைப் பற்றி ஒரு வரி இல்லை! படகுக்கு என்ன நிறம் அடிக்கிறார்கள்? கடைத்தெருவில் நிழலுக்கு என்ன துணி கட்டுகிறார்கள்? அறைக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு குப்புறப் படுத்துக் கிடக்கிறாயா, சோம்பேறிக் கழுதை? எழுந்து நாலு தெரு நடடி.

உன்,
டேப்பு


ஆகஸ்ட் 6

அன்பு டேப்புக்கு,

திட்டு வாங்கிக்கொண்டேன். ஏசியெல்லாம் போடுவதில்லை.

மழை ஊரில் இருக்கிறோம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் முதுகுதான் தெரிகிறது. சிமெண்டுச் சுவர், ஒரு தண்ணீர்க் குழாய், அவ்வளவுதான். முதல் நாள் அழுகையாக வந்தது. பிறகு அதையே பார்க்க ஆரம்பித்தேன். மழை தொடங்கும்போது சுவர் மேலிருந்து கறுத்துக்கொண்டே வருகிறது. விட்டதும் கீழிருந்து வெளுக்கிறது. குழாயை ஒட்டிய இடம் மட்டும் காய்வதே இல்லை. ஒரே சாம்பல் நிறத்தில் எத்தனை சாம்பல் இருக்கிறது தெரியுமா? மழை அறைக்கு நீலம் கீலம் என்று போகாதே. ஒரு சுவருக்கு மேலே அடர்ந்து கீழே வெளுக்கும் சாம்பல் பூச்சு அடி. சொரசொரப்பாக விடு, தேய்க்க வேண்டாம். மற்ற மூன்று சுவரும் சும்மா இருக்கட்டும்.

கடைத்தெரு பார்க்க வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். "தனியா எதுக்குப் போற? ஞாயித்துக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அசதி. தூங்கிவிட்டார்.

உன்,
பல்பு


அக்டோபர் 2

அன்புள்ள பல்பு,

உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கத்தைச் சொல். உன்னை எழுத விடுகிறாரே, அதற்கு நன்றியும் சொல்.

ஒரு தொழில் சந்தேகம். எலெக்ட்ரீஷியன் உளியும் கையுமாக நிற்கிறார். "விளக்கு எங்கெங்க வருதுன்னு சொல்லுங்க, பூசினதுக்கு அப்புறம் சுவரை உடைக்கச் சொன்னா நான் ஆளில்லை" என்கிறார். உன் கடிதங்களைப் புரட்டினேன். விளக்கைப் பற்றி ஒரு வரி இல்லை. ஹாஸ்டலில் வார்டனின் மேஜை விளக்கை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிக் கையும் களவுமாக மாட்டிக்கொண்டு, பல்பு என்று பட்டம் வாங்கியவள் நீ. எந்த அறைக்குள் போனாலும் முதலில் ஸ்விட்சைத் தட்டிப் பார்ப்பாய், அப்புறம்தான் உட்காருவாய். நான் இடுப்பில் அளவு டேப்போடு அலைவேன், நீ ஸ்விட்ச் ஸ்விட்சாக அலைவாய், ஜோடிப் பைத்தியங்கள் என்பார்கள்.

இலையுதிர் அறைக்காவது விளக்கு பற்றி எழுது. ஒரே ஒரு ஸ்விட்ச் பற்றியாவது எழுது.

உன்,
டேப்பு


அக்டோபர் 21

டேப்பு,

இந்தக் கடிதத்தை அவர் படிக்கவில்லை. இந்த ஊர் ஹோட்டலில் அறையைச் சுத்தம் செய்ய வரும் அக்கா தபாலில் போடுவார்.

உன் கடிதத்தை அவர் சாப்பிடும்போது எனக்குப் படித்துக் காட்டினார். "நான் வந்ததுக்கு அப்புறம் லைட்டைப் பாத்து எழுதேன்" என்றார். அவர் வந்த பிறகு எல்லா விளக்கும் எரியும்தான். அவர் வந்த பிறகு எனக்கு விளக்கைப் பார்க்கத் தோன்றாது.

இந்த ஹோட்டல்களில் கதவைத் திறக்க ஓர் அட்டை. அதே அட்டையைச் சுவரில் சொருகினால்தான் அறைக்குள் கரண்டு. ஓர் அறைக்கு ஓர் அட்டைதான் அவர் வாங்குவார். காலையில் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். அதோடு விளக்கு, விசிறி, டீவி எல்லாம் நின்றுவிடும். கல்யாணமான புதிதில் நான் ரிசப்ஷனில் இன்னோர் அட்டை வாங்கினேன். "எதுக்கு ரெண்டு? நான்தான் வந்துடுவேன்ல" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார். அதனால்தான் எனக்கு வெயில் மட்டும் தெரிகிறது.

கதவு பூட்டியிருக்கிறது என்று நினைக்காதே. உள்ளிருந்து எப்போதும் திறக்கும். வெளியே வந்துவிட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும், அட்டை இல்லாமல் உள்ளே போக முடியாது. முதல் வருஷம் ஒரு தடவை கடல் பார்க்கப் போனேன். கொஞ்ச நேரம்தான். திரும்பி வந்து, சாயங்காலம்வரை வராந்தாவில் நின்றேன். போகிறவர் வருகிறவரெல்லாம் என்னைப் பார்த்தார்கள். அவர் வந்தார். அடிக்கவில்லை, கத்தவில்லை. "ஆசைதான் தீர்ந்துச்சா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்த ஊரைவிட்டுக் கிளம்பும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டிலும் இதே கதைதான், அங்கே அட்டைக்குப் பதில் வாட்ச்மேன்.

அம்மாவிடம் ஜாடையாகச் சொன்னேன். "உன்னைக் கையில வச்சுத் தாங்குறார்டி, அதுல போய்க் குறை சொல்றியே" என்றாள். அடி வாங்கினால் காட்டலாம். இதை யாரிடம் காட்ட?

அக்கா சுத்தம் செய்ய வரும்போது தன் அட்டையைச் சொருகுவார். எல்லா விளக்கும் எரியும். நேற்று நான் அழுதேன் போலிருக்கிறது. அக்கா பெருக்கி முடித்த பிறகும் அட்டையை எடுக்காமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, நீ எங்கயுமே போறதில்லையா?" என்று கேட்டார். அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

இன்னும் மூன்று வாரம் இங்கேதான். இந்தத் தாளின் பின்பக்கம் அக்காவின் விலாசம் இருக்கிறது. அதற்கு மட்டும் எழுது. வீட்டு விலாசத்துக்கு வழக்கம்போல் ஏதாவது பெயிண்ட் கேள்வி கேட்டு அனுப்பு, வாட்ச்மேன் அதை இங்கே அனுப்பிவைப்பார், இல்லையென்றால் அவருக்குச் சந்தேகம் வரும்.

பல்பு


அக்டோபர் 27

என் தங்கமே,

அந்த ஆளை இந்தக் கடிதத்தில் நான் என்னென்ன திட்டி எழுதி, பிறகு பேனாவால் அடித்திருக்கிறேன் என்று நீயே வெளிச்சத்தில் பிடித்துப் படித்துக்கொள்.

எனக்கு ஆகஸ்டிலேயே உறுத்தியது. ஒரு சுவரில் வெயிலும் ஈரமும் காலையிலிருந்து சாயங்காலம்வரை எப்படி நகர்கின்றன என்று இத்தனை வருஷம் தொழில் செய்கிற எனக்கே தெரியாது. நாள் பூரா அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவளுக்குத்தான் தெரியும். அவர் படிப்பார் என்பதால் நேராகக் கேட்காமல், விளக்கைச் சாக்கு வைத்துக் கேட்டேன்.

மழை அறை முடிந்துவிட்டது. பார்க்கிறவர்களெல்லாம் ஆஹா ஓஹோ என்கிறார்கள். நான் அந்தச் சாம்பல் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிடுகிறேன். ஆசாரி என்னைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, சுவர் சாயுதா?" என்று கேட்டார்.

கிளம்பி வந்துவிடு. கடைக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. பிளைவுட்டையெல்லாம் இன்றைக்கே காலி செய்துவிட்டேன். பஸ் டிக்கெட்டை இதோடு வைத்திருக்கிறேன், எந்த நாளும் ஏறலாம். தெரிந்த வக்கீலம்மா ஒருவரிடமும் பேசிவிட்டேன். "அடி விழுந்தாத்தான் வரணும்னு சட்டமா இருக்கு?" என்று கேட்டார். நானே வந்து கூட்டிப்போகட்டுமா? ஒரு வார்த்தை எழுது, அடுத்த பஸ்ஸில் நிற்பேன்.

உன் டேப்பு


நவம்பர் 1

டேப்பு,

நீ வராதே என்று எழுதத்தான் நேற்று உட்கார்ந்தேன். நீ வந்து நின்றால் அவர் உன்னையும் சிரித்துப் பேசி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். நானும் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

எழுதாமல் எழுந்து கதவைத் திறந்தேன். கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு செருப்பை இடுக்கில் வைத்தேன். மற்ற காலில் செருப்போடு லிஃப்ட்வரை போனேன். லிஃப்ட் வந்து திறந்தது. உள்ளே இருந்த ஒருவர் என் காலைப் பார்த்தார். நான் திரும்பி ஓடி வந்து, செருப்பை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டேன். சாயங்காலம் அவர் வந்து, "இன்னிக்கு என்ன பண்ணின?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லை" என்றேன். அது பொய்யும் இல்லை.

இன்று காலை அவர் போனதும் இரண்டு செருப்பையும் போட்டுக்கொண்டேன். கைப்பை மட்டும்தான் எடுத்தேன். வெளியே வந்து நின்றேன். கதவு மெதுவாகத்தான் சாத்தும் டேப்பு, பிடிப்பதற்கு வேண்டிய நேரம் தரும். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு சின்னச் சத்தம் வந்தது. கைப்பிடியைத் திருகிப் பார்த்தேன், திறக்கவில்லை. அப்புறம்தான் நடந்தேன்.

இப்போது கீழே, அக்காக்கள் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பஸ் மத்தியானத்துக்கு மேல். இந்த ஊரில் அவர் சில நாள் சாப்பிட நடுவில் வருவார். இன்று வருவாரா தெரியாது. அக்கா வாசலில் நிற்கிறார், இந்தக் கடிதத்தை அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

இது உன் கைக்கு வரும்போது நான் உன் எதிரில் உட்கார்ந்திருந்தால் கிழித்துப் போட்டுவிடு. நான் வந்திருக்காவிட்டால் அவர் என்னைத் திரும்ப அறைக்குக் கூட்டிப்போய்விட்டார் என்று அர்த்தம், உடனே கிளம்பி வா, அக்கா அறையைக் காட்டுவார். கதவைத் தட்டு. உள்ளேயிருந்து நானே என் வாயால், நல்லா இருக்கேன், நீ போ என்று சொல்வேன். நம்பாதே. தட்டிக்கொண்டே இரு.

பல்பு