பதினோராம் எண் இரத்தம்

மே 15, வியாழன்

எங்கள் ஆய்வகத்தின் செவிலி ஷோஃபி அக்காவுக்கு இன்று பெயர்நாள், நாட்காட்டியில் அவள் பெயர் போட்டிருக்கும் நாள். காலையில் வெறும் வயிற்றோடு எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து இரத்தம் எடுத்தாள். எடுத்து முடித்ததும் தான் சுட்டு வந்த பன்றிக்கொழுப்பு ரொட்டியை, போகாச்சாவை, ஆளுக்கொன்று கையில் திணித்தாள்.

"ஊர்ல பெயர்நாளுக்குப் பூ குடுப்பாங்க. எனக்கு ஆளுக்கு ரெண்டு குப்பி ரத்தம்."

எங்கள் துறையில் நோயாளிகளோடு ஒப்பிடுவதற்கான 'ஆரோக்கியமான மனிதர்' என்றால் கைக்கு அகப்பட்ட சக ஊழியர் என்று பொருள். பேராசிரியர் கெரெகெஷ் இதை மறைப்பதே இல்லை. "வெளியாளைக் கூப்பிட்டா பஸ் காசு கேப்பான். நம்ம ரத்தம் இலவசம்." எது யார் இரத்தம் என்று தெரியாமலிருக்க எண்ணுக்குச் சீட்டு எடுத்தோம். எனக்குப் பதினொன்று.

போகாச்சா இறங்கவில்லை. கொழுப்பு வாடை. ஒரு கடியோடு வைத்துவிட்டேன்.

மே 16

நான்கு வருடமாக ஒரே ஹார்மோனை அளக்கிறேன். கிஸ்பெப்டின். அமெரிக்காவில் இதைக் கண்டுபிடித்தவர்கள் தங்கள் ஊர் 'கிஸ்' சாக்லேட்டின் பெயரை வைத்துவிட்டார்கள். தோல் புற்றுநோய் பரவாமல் தடுக்கிறது என்பதுதான் முதல் செய்தி. அப்புறம், இது வேலை செய்யாவிட்டால் பிள்ளைகள் பருவமே அடைவதில்லை என்று தெரிந்தது. அப்புறம் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஆயிரக்கணக்கான மடங்கு. மூளையில் ஒரு வேலை, நஞ்சுக்கொடியில் ஒரு வேலை, கட்டியில் ஒரு வேலை. இத்தனை இடத்தில் உழைத்தும் எங்கும் நிரந்தரமில்லை. என் சாதி.

ஜூன் முடிவில் என் ஒப்பந்தம் முடிகிறது. இருப்பது ஒரே ஒரு நிரந்தர இடம். அதற்கு நான் அல்லது லெவென்டெ. லெவென்டெ நல்லவன், அதுதான் எரிச்சல். மூன்று பிள்ளைகள். பிள்ளை பெற்றதற்கு அரசு கொடுத்த சலுகைக் கடனில் வீடும் கட்டிவிட்டான். "குடும்பஸ்தன். பொறுப்பு வந்திருக்கு" என்று பேராசிரியர் நடைபாதையில் எல்லோர் காதிலும் விழச் சொன்னார். போன வருடம் எங்களோடிருந்த கிங்கா பிள்ளை பெற்றபோது, ஒப்பந்தத்தை நீட்டாமல் அனுப்பிவிட்டு இதே வாய் சொன்னது: "கவனம் சிதறிப்போச்சு."

ஆணுக்குப் பிறந்தால் பொறுப்பு, பெண்ணுக்குப் பிறந்தால் சிதறல். குழந்தை என்னவோ ஒரே எடைதான்.

மே 20, செவ்வாய்

புற்றுநோயாளிகளின் இரத்தத்தையும் எங்கள் இரத்தத்தையும் குழிகள் உள்ள ஒரே சோதனைத் தட்டில் ஓட்டினேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் ஏறக்குறைய பூஜ்யம். அப்படித்தான் இருக்க வேண்டும். பதினொன்று மட்டும் வானத்தில்.

என் இரத்தம்கூட எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

மே 21

பேராசிரியர் முடிவுகளைப் புள்ளிகளாகப் போட்ட படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"என்னம்மா எனிக்கோ, இது என்ன?"

"தெரியல சார். பக்கத்துக் குழியிலேருந்து தெறிச்சிருக்கலாம்."

"தெறிக்காது. தெறிக்க விடறது கை. உன் கை சரியில்ல."

லெவென்டெ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். நல்லவர்கள் எப்போதும் ஜன்னலுக்கு வெளியேதான் பார்க்கிறார்கள்.

மே 23

பிப்பெட்டை மாற்றினேன். அதே கதை. வேறு பெட்டியிலிருந்து புதுத் தட்டு. அதே கதை. ஃப்ரீசர் நடுவில் நின்றுபோனதா என்று காவலாளியிடம் போய்க் கேட்டேன். எதிர்ப்பொருள் கெட்டுவிட்டதா என்று விற்ற கம்பெனிக்காரனிடம் போனில் சண்டை போட்டேன். அவன் கடைசிவரை மரியாதையாகப் பேசினான், பாவம்.

காபி இயந்திரத்தில் மட்டமான தூள் போட ஆரம்பித்துவிட்டார்கள். பக்கத்தில் போனாலே குமட்டுகிறது. அதற்கும் ஒரு புகார் எழுத வேண்டும்.

மே 24, சனி

என் கணவன் சொங்கோர் வந்தான். ஆஸ்திரியாவில் கிடங்கு வேலை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வீடு. எனக்குப் பிடிக்குமே என்று மீன் சூப் வைத்தான். தட்டை நகர்த்திவிட்டுப் பதினோராம் எண்ணைப் பற்றி ராத்திரி முழுக்கப் புலம்பினேன்.

"ஒடம்பு சரியில்லையா? வெளுத்துப் போயிருக்கே."

"எனக்கு ஒண்ணுமில்ல. தட்டுதான் சரியில்ல."

மே 27, செவ்வாய்

சீராக எழுதப் பார்க்கிறேன்.

தெறித்த அழுக்குதான் என்று நிரூபிக்கப் பதினொன்றை நீர்க்க வைத்தேன். பாதி, கால், அரைக்கால் என்று. அழுக்கு என்றால் கோடு தாறுமாறாக விழும். ஒப்பிடுவதற்கு எப்போதும் வைக்கும் மாதிரியையும் பக்கத்திலேயே ஓட்டினேன், கர்ப்பிணிகள் பலரின் இரத்தத்தை ஒன்றாகக் கலந்து வைத்தது. இரண்டு கோடுகளும் தண்டவாளம் மாதிரி இறங்கின. பிசிறே இல்லை.

பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு சிரித்தேன். ஷோஃபி அக்கா எட்டிப் பார்த்து, "என்னடி, பைத்தியம் பிடிச்சிருச்சா?" என்றாள்.

ஆமா. நாலு வருஷமா இதைத்தானே அளக்கறேன்? நூத்துக்கணக்குல கர்ப்பிணிங்க ரத்தம் இந்தக் கையால! பிப்பெட்டைச் சந்தேகப்பட்டேன், ஃப்ரீசரைச் சந்தேகப்பட்டேன், கம்பெனிக்காரனைச் சந்தேகப்பட்டேன். என்னை மட்டும் சந்தேகப்படலையே. நாள் தள்ளிப் போனதுக்கு வேலை நெருக்கடின்னு பேரு வச்சேன். காபித்தூளுக்குப் புகார் வேற எழுதப் போனேன்!

மே 28

மருந்துக்கடையில் வாங்கிய கர்ப்பச் சோதனைப் பட்டை. இரண்டு கோடு. மலிவான கருவி, ஆனால் யார் கையையும் குறை சொல்லவில்லை.

மே 30, வெள்ளி

சொங்கோரிடம் போனில் சொன்னேன். பின்னால் வண்டிகள் பின்னோக்கி வரும் பீப் சத்தம்.

"நெசமாவா?"

"தண்டவாளம் மாதிரி ரெண்டு கோடு."

"அப்படின்னா?"

"நெசம்தான்னு அர்த்தம்."

அழுதான். கிடங்கில் மற்றவர்கள் பார்க்கிறார்களாம், அதனால் தும்முகிற மாதிரி அழுதான். பெற்றுக்கொள்வது என்று முடிவு. அதில் எனக்கும் சந்தேகமில்லை.

சந்தேகம் வேறு. பதினொன்று ஏன் உயர்ந்தது என்று சொன்னால் ஆய்வு பிழைக்கும், நான் கிங்கா ஆவேன். சொல்லாவிட்டால் நான் தட்டைக் கெடுத்தவள். கை சரியில்லாதவள் அல்லது வயிறு காலியில்லாதவள். எந்தப் பெயரோடு வெளியே போவது என்பதை மட்டும் நான் தேர்ந்துகொள்ளலாம். சுதந்திர நாடு.

ஜூன் 5

பேராசிரியர் பதினொன்றை அழித்துவிட்டார். காரணம் எழுதவில்லை. "அமைச்சகத்துலேருந்து வர்றாங்க. படம் அழகா இருக்கணும்."

ஒரு பொத்தான். நான் இல்லை. நாங்கள் இல்லை.

ஜூன் 14, சனி

டிசா ஆற்றில் நீர் ஈசல் பூத்திருக்கிறது. ஊரே ஆற்றங்கரையில். மூன்று வருடம் சேற்றுக்குள் புழுவாகக் கிடந்து, ஒரு சாயங்காலம் மட்டும் சிறகு முளைத்துப் பறந்து, இணைந்து, செத்து மிதக்கின்றன. எல்லோரும் ஆகா ஆகா என்று படம் எடுத்தார்கள். எனக்கு ஒப்பந்த ஆராய்ச்சியாளர்களின் ஆண்டு விழா மாதிரி இருந்தது.

ஜூன் 18, புதன்

துணை அமைச்சர் வந்தார். பின்னால் இரண்டு புகைப்படக்காரர்கள். பணம் தருவது அவர்களுடைய குடும்பப் பெருக்கத் திட்டம். அதனால் புற்றுநோயை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பேராசிரியர் கருவுறுதலைப் பற்றியே பேசினார். படத்தைத் திரையில் போட்டார்.

துணை அமைச்சர் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவராம். விரலை நீட்டினார். "பத்துக்கு அப்புறம் பன்னெண்டு வருதே. பதினொண்ணு எங்க?"

"அது... சின்னப் பொண்ணு ஒருத்தியோட கைத்தவறு, ஐயா. நீக்கிட்டோம்."

சின்னப் பொண்ணு! எனக்கு முப்பது வயசு!

எழுந்துவிட்டேன். எழுந்திருக்க வேண்டும் என்று யோசித்து வைத்திருக்கவில்லை.

"கைத்தவறு இல்லைங்க. பதினொண்ணு நான்தான். மூணு மாசம். அந்தத் தட்டுக்கு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

துணை அமைச்சர் கை தட்டினார். அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள். லெவென்டெ உண்மையாகவே தட்டினான். பேராசிரியர் என் கையை எடுத்து முத்தமிட்டு, "இதுதான் ஐயா எங்க ஆய்வகம்! இங்க அறிவியலும் வளருது, குடும்பமும் வளருது" என்றார். போன மாதம் சரியில்லாமல் இருந்த அதே கை. என்னை வெள்ளைக் கோட்டோடு நிற்க வைத்து, வயிற்றில் கை வைக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். பாலிங்கா என்ற பழச் சாராயத்தை ஊற்றிக் கொடுத்தார்கள். குடிக்கக் கூடாது என்று யாருக்கும் தோன்றவில்லை. கருவுறுதல் ஆய்வகம்.

ஷோஃபி அக்கா மட்டும் காதருகே வந்தாள். "அன்னிக்கு என் போகாச்சாவைக் கடிச்சு வச்சியே, அப்பவே கேட்டிருக்கணும்டி. அதை யாரும் மிச்சம் வைக்க மாட்டாங்க."

ஜூன் 27, வெள்ளி

நிரந்தர இடம் லெவென்டெவுக்கு.

"உனக்கு இப்ப ஓய்வு வேணும்மா" என்றார் பேராசிரியர். குரலில் பாசம். உண்மையான பாசம் என்றே நினைக்கிறேன். அதுதான் பயமாக இருக்கிறது.

"படத்துல பதினொண்ணைத் திரும்பப் போட்டீங்களா சார்?"

"போட்டாச்சு! அதுதான் இப்ப கட்டுரையோட உயிரே."

என் புள்ளிக்கு வேலை கிடைத்துவிட்டது. எனக்கு இல்லை.

செப்டம்பர் 9

டிராம் நிறுத்தத்தில் ஆளுயரச் சுவரொட்டி. வெள்ளைக் கோட்டில், வயிற்றில் கை வைத்து, நான். 'தாய்மையும் சாதனையும் கைகோக்கும் நாடு.' அதன் கீழே நின்று வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போகும் டிராமுக்குக் காத்திருந்தேன்.

ஒரு கிழவி என்னையும் சுவரொட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது நீதானேம்மா?"

"இல்ல பாட்டி. அவ வேலைக்குப் போறவ."

ஜனவரி 3

மகள் பொரோகா பிறந்து ஐந்தாம் நாள். தூங்குகிறாள். நானும்.

ஜனவரி 29, வியாழன்

லெவென்டெ போன் செய்தான். தொண்டையைச் செருமினான், குழந்தையை விசாரித்தான், மறுபடி செருமினான். கட்டுரையை இதழ்க்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பதினோராம் எண் உயர்ந்தது கர்ப்பத்தால்தான், கைத்தவறால் அல்ல என்பதற்கு என்ன ஆதாரம்? பிரசவத்துக்குப் பிறகு அதே பெண்ணின் இரத்தத்தை அளந்து காட்டுங்கள். இல்லாவிட்டால் கட்டுரை கிடையாது. கட்டுரை இல்லாவிட்டால் அமைச்சகப் பணம் கிடையாது.

பக்கத்தில் மூச்சு கேட்டது. போன் கை மாறியது.

"எனிக்கோ கண்ணு! ரெண்டே ரெண்டு குப்பிதான்."

"வெளியாளைக் கூப்பிட்டா பஸ் காசு கேப்பான்னு சொல்வீங்களே சார். நான் இப்ப வெளியாள்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கொஞ்சம் தாமதமாகக் கவனித்தார்.

"சரி, எவ்வளவு?"

"ரெண்டு வருஷ ஒப்பந்தம். கட்டுரையில என் பேரு முதல்ல. என் ரத்தத்தை நானே ஓட்டுவேன்."

"இது மிரட்டல்மா."

"இல்ல சார். பொறுப்பு வந்திருக்கு."

பிப்ரவரி 16, திங்கள்

சொங்கோர் விடுப்பு எடுத்திருக்கிறான். ஆஸ்திரியாவில் அப்பாக்களுக்கும் கொடுக்கிறார்களாம். தள்ளுவண்டியோடு போன அவனைப் பார்த்து, பொண்டாட்டி செத்துவிட்டாளா என்று பால்கடைக்காரி துக்கம் விசாரித்தாளாம்.

இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தட்டை ஓட்டினேன். பதினொன்று: பூஜ்யம். பேராசிரியர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "கைன்னா இது கை!" என்றார்.

பதினோரு மணிக்கு மார்பு கட்டிக்கொண்டது. தாய்மையை ஆராயும் கட்டடத்தில் உள்ளிருந்து தாழிடக்கூடிய அறை ஃப்ரீசர் அறை ஒன்றுதான். இயந்திரங்களின் இரைச்சலில் நின்றுகொண்டே பாலைப் பீய்ச்சினேன். குளிர்பெட்டியில் பேராசிரியரின் பாலிங்கா புட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பால்குப்பியை வைத்தேன். பெயர் எழுதாத எதையும் ஷோஃபி அக்கா கொட்டிவிடுவாள்.

பேனாவை எடுத்து மூடியின் மேல் எழுதினேன்: 11.