கூம்பில் வைத்த சந்தனப் பொட்டு

அம்மா,

உன் முட்டி வலி குறைந்ததா? அப்பா சுகர் மாத்திரையை விடாமல் போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். சொல்கிறேன்.

ஒலியை மிஞ்சிப் பறக்கும் விமானத்தின் எஞ்சினால் அந்த வேகக் காற்றை அப்படியே விழுங்க முடியாது. அதனால் எஞ்சின் வாயில் ஒரு கூம்பு வைப்போம். அதில் எழும் அதிர்ச்சி அலை காற்றை மெதுவாக்கி உள்ளே அனுப்பும். அலை வாயோரம் அசையாமல் நிற்க வேண்டும்.

ஆயுத பூஜையன்று எங்கள் சோதனைக் கூடத்தில் யாரோ அந்தக் கூம்புக்கும் சந்தனப் பொட்டு வைத்திருக்கிறார்கள். அதைத் துடைக்காமல் நேற்று சோதனைக்காக அதன்மேல் வேகக் காற்றைத் திறந்துவிட்டோம். காய்ந்த பொட்டில் காற்று தடுமாறியது. அலை வெளியே வருவதும் உள்ளே போவதுமாய்ச் சம்மட்டி போல் அடித்தது. "ஆஃப் பண்ணுங்க!" என்று எங்கள் மேலதிகாரி சில்வெஸ்டர் சார் கத்தினார். நிறுத்தும் பட்டன் வேலை செய்யவில்லை. நான்தான் கூடத்துக்குள் ஓடி, காற்று வரும் வால்வைக் கையால் மூடினேன். என் காதுக் கவசம் மேஜையிலேயே கிடந்தது.

பயப்படாதே, எல்லோரும் பத்திரம். நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு, கூடவே ரெண்டு வரி எழுது. போன் மட்டும் வேண்டாம்மா.

நர்ஸ் கையைக் காட்டிக் கூப்பிடுகிறார். வாயசைவு எனக்கு இன்னும் பழகவில்லை.

தர்ஷினி