தோள்களில் இரண்டு கட்டிகள்

அமர்தாத் மாதம், 22

ஊர்க்காரர் ஒருவருக்கு மனு எழுதக் கை தூக்கியபோது வலது தோளில் ஏதோ உருண்டது. இடது தோளிலும் ஒன்று இருக்கிறது. அக்ரூட் பருமன்.

ஷஹ்ரேவர் மாதம், 3

காலையில் தமாவந்து மலை குலுங்கியது. "தஹாக் புரண்டு படுக்கிறான்" என்றது தெரு. மலைக்குள் சங்கிலியில் கிடப்பவன். பாதி மனிதன், பாதி பாம்பு, மூன்று தலை. பிறந்தபோது அவனும் நம்மைப் போலத்தானாம். மனித மூளை தின்னும் அந்தப் பாம்புத் தலைகள் பிறகுதான் முளைத்தன. தோளில்.

இதை ஏன் எழுதுகிறேன்?

ஷஹ்ரேவர், 9

வளர்கின்றன. "சட்டையோட ஏங்க தூங்குறீங்க?" என்றாள் மனைவி அனோஷக். குளிர் என்றேன். கோடையில்!

ஷஹ்ரேவர், 15

வெந்நீர் ஊற்றில் யாரும் இல்லையென்றுதான் சட்டையைக் கழற்றினேன். ஆட்டு வியாபாரி பூர்சேன் வந்துவிட்டான். பார்த்தான். செருப்பைக்கூட எடுக்காமல் ஓடினான்.

மதியத்துக்குள் வாசலில் ஊரே கூடிவிட்டது. கையில் கற்கள்.

"எழுத்தரே, வெளிய வாங்க! பாம்புக்கு மனுஷ மூளை கேக்குதா?" பூர்சேனின் குரல்.

அனோஷக் வாசலை மறித்து நின்றாள். கட்டிகளை அவளும் அப்போதுதான் அறிந்திருந்தாள். "என் புருஷனுக்கு இன்னும் ரெண்டு தலை வந்தா உங்களுக்கென்ன? இருக்குற ஒண்ணே நான் சொல்றதக் கேக்க மாட்டேங்குது!"

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைக் காப்பாற்றியது.

நெருப்புக் கோயில் பூசாரி குஷ்னஸ்ப் முடிவு சொன்னார்: ரேய் நகரத்து வைத்தியர் பார்க்கட்டும். பாம்பென்றால் நான் இந்தப் பள்ளத்தாக்குக்குத் திரும்பக் கூடாது. சாட்சிக்குப் பூர்சேன்.

ஷஹ்ரேவர், 19

வழி முழுக்கப் பூர்சேன் இருபதடி தள்ளியே நடக்கிறான். பாம்பாகிவிட்டால் அனோஷக்கை அடையாளம் தெரியுமா எனக்கு?

ஷஹ்ரேவர், 21. ரேய்

வைத்தியர் இரண்டையும் அமுக்கிப் பார்த்தார். "கொழுப்புக் கட்டி. எங்க அண்ணனுக்கு முதுகுல நாலு இருக்கு."

தோல்வாரைக் கடித்துக்கொண்டேன். கீறினார். பூர்சேன் கண்ணை இறுக மூடியிருந்தான்.

"பாம்பு... போயிடுச்சா?"

"கண்ணத் தொறந்து பாருய்யா. நீ விக்கிற ஆட்டு வாலுல இருக்குற கொழுப்புதான்."

பார்த்தான். மயங்கி விழுந்தான். வைத்தியர் என் தோளை விட்டுவிட்டு அவன் முகத்தில் தண்ணீர் தெளித்தார்.

நான் அழுதேன். வலியில் இல்லை. அப்பா... நான் நானேதான்!

மெஹர் மாதம், 2

தையல் பிரித்தாயிற்று. கட்டி விஷயத்தை மறைத்ததற்கு அனோஷக் இன்னும் திட்டுகிறாள். திட்டட்டும். கேட்கக் கேட்க நன்றாயிருக்கிறது.

மெஹர், 16

திருவிழா. தஹாக்கை மலையில் கட்டிய நாள். மூன்று தலை வைக்கோல் பொம்மையைத் தெருவில் இழுத்து வந்தார்கள். கூட்டத்தில் பூர்சேனின் சின்ன மகள், ஒன்றும் தெரியவில்லையென்று சிணுங்கிக்கொண்டிருந்தாள். அவன் குள்ளம், தூக்கியும் பயனில்லை. என்னைப் பார்த்தான். பிள்ளையைத் தூக்கி என் தோளில் வைத்தான்.

"கெட்டியாப் பிடிச்சுக்கோடி" என்றான் அவளிடம்.

தழும்பு கொஞ்சம் உறுத்தியது. ஊர்வலம் முடியும்வரை இறக்கிவிடவில்லை.