நாம் அளக்காமல் விட்ட அறை

புதன்கிழமை, மத்தியானம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் கடவுள் கிருபையால் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். உடம்பைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன், மனசைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பழைய சந்தைக் கட்டிடத்தின் ஆபீஸ் அறையில் இருந்தவர்கள்: சந்தைக் கமிட்டித் தலைவர், அதுதான் எதற்கெடுத்தாலும் சரி சரி என்பாரே, அந்த மளிகைக்கடை சரிசரி ஐயா, வேலையை எடுத்திருக்கும் காண்ட்ராக்டர், அவருடைய மேஸ்திரி, நகராட்சிக்குப் புதிதாக வந்திருக்கும் இன்ஜினியர், மேல்மாடி நூலகத்தின் நூலகரம்மா, உன் அப்பா, நான். மொத்தம் ஏழு பேர், கதவு சாத்தியிருந்தது. இப்படி எண்ணி எழுதுவது ஏன் என்றால், அந்த ஆறு பேர் முன்னால் நான் ஒரு பொய் சொல்லிவிட்டேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கீழ்த்தளத்துப் பெரிய கூடத்துக்கும் பின்னால் இருக்கும் சாமான் அறைக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறதே, அதை இடித்து இரண்டையும் ஒன்றாக்கி இன்னும் பன்னிரண்டு கடை போடப் போகிறார்கள். அதற்குக் கூட்டம். இந்தக் கட்டிடத்தைப் பற்றிப் புத்தகம் எழுதியவளைப் பெற்றவர்கள் என்று எங்களையும் மரியாதைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். உன் அப்பா சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டார். போனால் மேஜை நடுவில் உன் புத்தகம், நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் விரித்து, காற்றில் புரளாமல் இருக்க ஓர் எடைக்கல்லை வைத்திருந்தார்கள். கீழ்த்தளத்துப் படம். அந்தச் சுவர் வெறும் தடுப்புச் சுவர், நாலரை அங்குலம், மேல்தளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று படம் காட்டுகிறது. கீழே சின்ன எழுத்தில், நூலாசிரியர் நேரில் அளந்து வரைந்தது என்று போட்டிருக்கிறது. இன்ஜினியர் நல்ல பிள்ளைதான், வந்து நாற்பது நாள் ஆகிறது, இவ்வளவு பெரிய புத்தகம் இருக்கும்போது தனியாக அளக்க வேண்டியதில்லை என்று நினைத்துவிட்டான். மேஸ்திரி மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, "தட்டினா கெட்டியா கேக்குதுங்க. நாலரை அங்குலச் சுவரு இப்படிப் பேசாது" என்றார். காண்ட்ராக்டர் சிரித்துவிட்டு, "படிச்சவங்க அளந்து போட்டதுய்யா. உன் காதுக்கு டிகிரி இருக்கா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், உன் அப்பாவும் சிரித்தார். இன்ஜினியர் என் பக்கம் திரும்பி, "நீங்கதான் டேப்பைப் பிடிச்சுக்கிட்டு கூடவே போனீங்களாமே அம்மா. அந்த அறையையும் அளந்தாங்கதானே?" என்றான். "அளந்தா" என்று சொல்லிவிட்டேன். ஒரே வார்த்தை. வாயிலிருந்து விழுந்த பிறகுதான் எனக்கே கேட்டது. மேஸ்திரி என்னை ஒரு தடவை பார்த்தார், சுத்தியலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

நாம் அந்த அறையை அளக்கவில்லை கண்ணு. உனக்கு ஞாபகம் இல்லாமல் இருக்கலாம், உனக்கு அப்புறம் எத்தனையோ கட்டிடம். நீ எண்களைச் சொல்லச் சொல்ல நான் எழுதிய நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. மூன்றாம் நாள் பக்கத்தில், சாமான் அறை பூட்டியிருக்கிறது, சாவி வைத்திருப்பவர் வெளியூர், என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அடுத்த நாள் உனக்கு விமானம். சந்துப் பக்கத்துக் கதவின் பூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "இதைப் பழைய படத்துலேர்ந்து எடுத்துக்கலாம்மா, தப்பா இருக்காது" என்றாய். நானும் சரி என்று டேப்பைச் சுருட்டினேன். அந்தப் பழைய படத்தின் மேல் உனக்கு எவ்வளவு பிரியம் என்று எனக்குத் தெரியாதா. முதல் வேலையில் ஆறு வருஷம் கழிப்பறையும் மாடிப்படியும் தவிர வேறு எதுவும் வரையக் கொடுக்காமல், பெண்பிள்ளைக்கு வெயிலில் என்ன வேலை என்று கட்டுமான இடத்துக்கும் அனுப்பாமல், கடைசியில் நீ எதிர்த்துப் பேசினாய் என்று பழைய படங்களை அடுக்கும் அறையில் கொண்டுபோய் உட்காரவைத்தார்களே, அங்கே தூசிக்குள்ளிருந்து நீ கண்டெடுத்தது அது. அன்றைக்கு மூக்கெல்லாம் கறுப்பாக வீட்டுக்கு வந்து, "அம்மா, இதைக் கட்டினவங்களைப் பத்தி யாருமே எழுதலை" என்று சொன்னாய். அதிலிருந்துதான் உன் எழுத்து, உன் பேர், இப்போது இருக்கும் உத்தியோகம் எல்லாம். நான் படிக்காதவள், அகராதியை வைத்துக்கொண்டு உன் புத்தகத்தை ஒரு நாளைக்கு அரைப் பக்கம் என்று முடித்தவள், ஆனாலும் ஒன்று சொல்கிறேன். கட்டிடம் கட்டுகிறவளாகப் போயிருந்தால் பூட்டை உடைத்தாவது உள்ளே பார்த்திருப்பாய். சரித்திரம் எழுதுகிறவளாகப் போனதால் காகிதத்தை நம்பிவிட்டாய். அந்தக் காகிதம் அவர்கள் கட்ட நினைத்தது, கட்டியது வேறு.

திங்கட்கிழமை காலையில் காய்கறி வாங்கும் சாக்கில் தையல் டேப்பையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். சாமான் அறை திறந்திருந்தது, மேஸ்திரி உள்ளே தனியாக நின்றுகொண்டிருந்தார். எதற்கு வந்தேன் என்று கேட்காமலே தன்னுடைய பெரிய டேப்பின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். சந்தில் நின்று பார்த்தால் வெளிநீளம் அறுபத்திரண்டு அடி. உள்ளே கூடம் நாற்பத்தொரு அடி, நம் நோட்டிலும் அதேதான். அறை பதினாறரை அடி. முன்சுவரும் பின்சுவரும் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி, வாசலில் அளந்தோம். எல்லாம் கூட்டினால் அறுபதரை. மிச்சம் ஒன்றரை அடி எங்கே போகும்? அதுதான் அந்தச் சுவர். நாலரை அங்குலம் என்று நீ போட்ட இடத்தில் பதினெட்டு அங்குலம் நிற்கிறது. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன், மேஸ்திரி சிமெண்டுப் பை அட்டையில் தனியாகக் கூட்டிப் பார்த்தார், அதேதான் வந்தது. அப்புறம் அவர் கூரைப் பலகையில் கழன்று தொங்கிய ஒன்றை விலக்கி டார்ச் அடித்துக் காட்டினார். உத்தரங்கள் படத்தில் குறுக்குவாட்டில் போகின்றன, அங்கே நீளவாட்டில் வந்து அந்தச் சுவர்மேல் உட்கார்ந்திருக்கின்றன. தெரிந்த மட்டும் ஐந்து எண்ணினேன், பலகைக்குப் பின்னால் இன்னும் இருக்கும். அதற்கு மேலே நூலகம். அலமாரி முழுக்கப் புத்தகம்.

நான் நேற்றுச் சொன்னது பொய் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். தெரியும்மா என்றார். அப்படியானால் நீங்களே போய்ச் சொல்லக் கூடாதா என்று கேட்டேன். "நான் சொன்னா காண்ட்ராக்டர் என்னை நிறுத்திட்டு வேற மேஸ்திரியைக் கொண்டாருவாரு. அந்த ஆளு தட்டிக்கூடப் பாக்க மாட்டான்" என்றார். டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "எழுதினவங்க சொன்னாத்தான் வேலை நிக்கும்மா. இடிக்கும்போது கீழ நிக்கப்போறது நானும் என் ஆளுங்க நாலு பேரும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் அந்த அளந்தா என்ற வார்த்தைதான் முன்னால் வந்து நிற்கிறது, மேலே போக விட மாட்டேன் என்கிறது. உன் அப்பா தினமும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை நூலகத்தில் பேப்பர் படிக்கிறாரே, ஜன்னலிலிருந்து மூன்றாவது நாற்காலி, அது அந்தச் சுவருக்கு நேர் மேலே இருக்கிறது. போகாதீர்கள் என்றால் காரணம் கேட்பார். மூக்குக்கண்ணாடியை மாவு டின்னுக்குள் ஒளித்துவைத்தேன். மனிதர் நூலகரம்மாவிடம் பூதக்கண்ணாடி வாங்கி வரிவிளம்பரம் வரைக்கும் படித்துவிட்டு வந்தார். நேற்றுச் சாப்பிடும்போது, புத்தகத்தில் ஒரு தப்பு இருந்தால் என்ன ஆகும் என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். "ஒன்பது பேராசிரியருங்க பாத்த புத்தகம். நீ அடுப்பங்கரையில உக்காந்துக்கிட்டு தப்புக் கண்டுபிடிக்கப் போறியா?" என்றார். அந்த ஒன்பது பேரில் யாரும் சாமான் அறைக்குள் போனதில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. உனக்குப் போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன், மீட்டிங் என்றாய். மூன்றாம் தடவை நீயே கூப்பிட்டாய், அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம். கூரியர்காரர் நாலு நாளில் சேர்ந்துவிடும் என்கிறார். உன் தம்பி திங்கட்கிழமை சாயங்காலம் வந்திருந்தான், பல் டாக்டரிடம் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போனான், அவனிடமும் இதைச் சொல்லவில்லை.

இந்த மாதம்தான் உனக்கு அந்தப் பெரிய பதவியை முடிவு செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். இந்தப் புத்தகத்தை வைத்துத்தான் பார்ப்பார்கள் என்றும் தெரியும். நேரில் அளந்தது என்று அச்சில் போட்டுவிட்டு இப்போது அளக்கவில்லை என்றால், மற்ற பக்கங்களையும் சந்தேகப்படுவார்கள், உன்னைக் கழிப்பறை வரைய வைத்தவர்களுக்குச் சிரிக்க ஒரு காரணம் கிடைக்கும், பதவி கை நழுவலாம். அந்தப் பயத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை நாக்குப் புரண்டது. ஆனால் நான் சொன்ன பொய் என் பங்கு, அதை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை காலை நோட்டை எடுத்துக்கொண்டு இன்ஜினியரிடம் போய், மகள் அந்த அறையை அளக்கவில்லை, நான் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று சொல்லப் போகிறேன். உன் அனுமதி கேட்கவில்லை, உனக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது என்று சொல்கிறேன். என் பேச்சை அவன் கேட்டாலும் காண்ட்ராக்டர் கேட்க மாட்டார், வீட்டில் இருக்கிற அம்மாவுக்கு என்ன தெரியும் என்று அந்தப் பக்கத்தையே மறுபடி விரித்துக் காட்டுவார். அச்சில் இருப்பதை எழுதியவள்தான் மாற்ற முடியும். இருபதாம் தேதி திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு இடிக்கத் தொடங்குகிறார்கள். கூடத்துப் பக்கம் சுவரில் நீலச் சாக்குக்கட்டியால் கோடு போட்டாகிவிட்டது. உன் பதவிக்காக நான் தினமும் வேண்டுகிறேன், இனியும் வேண்டுவேன், ஆனால் ஐந்து பேரைச் சுவருக்குக் கீழே நிற்கவைத்துவிட்டு அதை வேண்ட எனக்குத் தெரியவில்லை.

கடவுள் உனக்குத் துணையாக இருக்கட்டும். உன் கை போட்ட கோடு எதுவும் யாருக்கும் கெடுதல் செய்யாமல் இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, பழைய கட்டிடங்களைப் பார்க்கப் போகும்போது அந்த வழுக்குச் செருப்பைப் போடாதே. இன்ஜினியரின் விலாசமும் ஈமெயிலும் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், நூலகரம்மாவிடம் கேட்டு எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தது. பக்க எண், அறை, அளக்கவில்லை என்பது, இவ்வளவு எழுதினால் போதும். எனக்கும் ஒரு வரி போடு, திட்டினாலும் பரவாயில்லை. இருபதாம் தேதிக்கு முன்னால் பதில் வந்தாக வேண்டும், சீக்கிரம் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா