விடுபட்ட இரண்டு பேர்

ஹாரோ, இலோய்லோ
செப்டம்பர் 3, செவ்வாய்

என் செல்ல லீலிங்குக்கு,

உன் நானாய், உன் அம்மா எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற அம்மாவின் எழுத்து எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே படி. ஞாயிற்றுக்கிழமை உனக்கு நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்தது. நாற்பது நாளும் ஆன்மா வீட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும், அப்புறம் போய்விடும் என்பார்கள். அதனால்தான் இதுவரை எழுதவில்லை. பக்கத்தில் இருப்பவளுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

சாப்பாட்டுக் கடையைத் திறந்துவிட்டேன். மீனும் சோறும் போகிறது. பிறந்தநாளுக்குச் சமைக்கிற சேமியா, பான்சித் மட்டும் சமைப்பதில்லை. கேட்டு வருகிறவர்களிடம் சேமியா தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்கிறேன்.

உன் முப்பத்திநாலாவது பிறந்தநாளுக்கு, ஆயுள் நீளட்டும் என்று இழையை ஒடிக்காமல் சமைத்து, ஒரு தட்டு உன் ஆஸ்பத்திரி வார்டுக்கே கொண்டுவந்தேன். உன்கீழ் வேலை பார்க்கிற நர்ஸ் ஜோனலின் என்னை வாசலிலேயே மறித்தாள். "ஐயோ நானாய், டூட்டி நேரத்துல பான்சித்தா? இதைத் தின்னா பேஷன்ட் கூட்டம் கூட்டமா வந்து விழுவாங்கன்னு தெரியாதா? எங்களைக் கொல்லவா வந்தீங்க?" என்றாள். "அவ கெடக்கா, குடு நானாய், பசி உயிர் போகுது" என்று நீ நின்றபடியே இரண்டு வாய் தின்றாய். மாலைக்குள் டெங்குக் காய்ச்சலோடு பதினேழு பிள்ளைகள் வந்து படுத்தார்கள். மறுநாள் காலை மருந்து அலமாரிக்கு முன்னால் நீ விழுந்தாய். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நான் தூக்கி வந்த தட்டுதான் காரணம் என்று நாற்பது நாளும் நம்பினேன், மகளே. பாதிரியாரிடம் பாவமன்னிப்பும் அதற்குத்தான் கேட்டேன்.

ஜெபத்தன்று ஜோனலின் வந்தாள். யாரோடும் உட்கார்ந்து சாப்பிடாமல் அடுப்படிக்கு வந்து நின்றாள். பான்சித் கதையைச் சொன்னேன். "அதெல்லாம் நாங்க விளையாட்டுக்குச் சொல்றது, நானாய். ஜூலை மாசம்னா டெங்கு வரத்தான் செய்யும். வந்தப்ப ஆள் இல்ல, அதான்" என்று அழுதாள்.

காலை ஆறு மணிக்குக் கட்டிலை எண்ணி, ஆள் படுத்திருக்கிற கட்டிலுக்கு மட்டும் நர்ஸை வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்வாயே. அது ஆஸ்பத்திரியை வாங்கிய புது முதலாளியின் மேனேஜர் சல்வத்தியேரா கண்டுபிடித்தது என்று நினைத்திருந்தேன். சனிக்கிழமை தோறும் நிர்வாக வகுப்புக்குப் போனாயே, அந்தத் திட்டத்தை அங்கே நீதான் எழுதினாயாம். ஆனால் ஜோனலின் சொன்னாள்: "மேம் எழுதினது வேற, நானாய். கட்டில் காலியா இருந்தாலும் ரெண்டு பேர் எப்பவும் கூடுதலா இருக்கணும்னு எழுதியிருந்தாங்க. சும்மா உக்காந்திருக்கவங்களுக்குச் சம்பளமான்னு சார் அந்த ரெண்டு பேரை வெட்டிட்டாரு. மேம் மூணு தடவை போய்ச் சண்டை போட்டாங்க."

நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலைமை நர்ஸ் ஆனதற்கு நான் தெரு முழுக்க அரிசிக் கேக் கொடுத்தேன். என் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று இருந்துவிட்டாயோ.

நேற்று அந்த மேனேஜர் கடைக்கே வந்தார். நல்ல பையன்தான், மரியாதையாகப் பேசினார். "நானாய், உங்க மகளோட திட்டத்தை எங்க மத்த மூணு ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோறோம். அவங்க பேரையே வைக்கிறோம். வெள்ளிக்கிழமை நீங்க வந்துதான் பலகையைத் திறக்கணும்" என்றார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மூன்று ஊரில் உன் பெயர், பித்தளை எழுத்தில்.

"அந்த ரெண்டு பேரைத் திரும்பச் சேர்த்தாச்சா, சார்?" என்று கேட்டேன். அவர் தண்ணீர் டம்ளரைக் கையில் உருட்டினார். "அது மேலிடத்து முடிவு, நானாய். வியாபாரக் கணக்கு, உங்களுக்குப் புரியாது" என்றார்.

"நானும் கடை நடத்துறவதான் சார். மழைநாள்ல கூட்டம் வராதுன்னு தெரிஞ்சாலும் ஒரு படி அரிசி கூடத்தான் போடுவேன். மிஞ்சினா நாய்க்குப் போகும். பத்தலைன்னா மனுஷன் பட்டினியா போவான். அந்த ரெண்டு பேர் இல்லாத திட்டத்துக்கு என் மக பேர் வேண்டாம்" என்றேன். அவர் எழுந்து, கும்பிடாத குறையாகத் தலையைக் குனிந்துவிட்டுப் போனார். அப்புறம் உட்கார்ந்து அழுதேன். நீ ஆசைப்பட்டிருப்பாயோ என்னவோ, தெரியாமல் மறுத்துவிட்டேனோ.

ஜெபத்தன்று ஜோனலின், நீ விழுந்த வாரத்து டூட்டி அட்டவணையை என்னிடம் விட்டுப் போனாள். உன் பிறந்தநாளில், காலைக் கட்டம் உன்னுடையது. மதியக் கட்டத்தில் அவள் பெயரை அடித்து உன் பெயர். இரவுக் கட்டம் காலியாகக் கிடந்திருக்கிறது, அங்கேயும் உன் பெயர். அவள் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் வந்ததும் நீதான் அனுப்பிவைத்தாயாம். "என் இடத்துல நின்னுதான் செத்தாங்க, நானாய்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "பால் குடுக்கிறவ பட்டினி கிடக்காதடி" என்று உட்கார வைத்துச் சோறு போட்டேன். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. நீயும் அதைத்தானே செய்திருப்பாய்.

இனி யார் மணி அடித்தாலும் எழுந்து ஓடாதே. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிப் படு. ஆண்டவர் உன் தலைமாட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளட்டும். இப்படிக்கு உன் நானாய் தேலிங் என்று எழுதி முடிக்கத்தான் நினைத்தேன். ஆனால் அந்த அட்டவணை எதிரிலேயே கிடக்கிறது. அவசரமே இல்லாமல், அழகாக எழுதியிருக்கிறாய். ஜோனலினுக்கு ஒரு பிள்ளை இருப்பது நினைவு வந்ததே லீலிங், அந்தக் கட்டத்தில் உன் பெயரை எழுதும்போது, உனக்கு ஒரு அம்மா இருப்பது நினைவு வந்ததா?